ஆறாம் நாள்

பள்ளி திறந்து ஆறாம் நாள் தலை எண்ண வருவார்கள்.
ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில் பிள்ளை குறைந்தால்
பிரிவு போகும். பிரிவோடு
ஜெசிந்தா டீச்சரும் போவார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம்
இளநீர்க் குவியலோரம் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு
நின்றபடியே கேட்டார்:
"ஒரு தலை குறையுது, பிலோமி.
நாளைக்கு மட்டும் அனுப்பி வை."

குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.
கக்கூஸுக்குக் கதவு இருக்கிறது.
டீச்சர் லீவு போட்டு நான் பார்த்ததில்லை.
பெரியவன் அவரிடம் படித்தவன்தான்,
வாய்ப்பாட்டைத் தூக்கத்திலும் சொல்வான்.
பத்தாவதில் எட்டு ஏ பிளஸ்;
கொழிஞ்சாம்பாறை முக்கில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்.
பிளஸ் ஒன்னில் புத்தகம் இங்கிலீஷ், விளக்கம் மலையாளம்.
அரை வருஷம் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.
இப்போது லாரியில் காய் எண்ணுகிறான்.
ஒன்றுகூடப் பிசகுவதில்லை.

அதனால் சின்னவளுக்கு மஞ்சள் வேன்,
செக்போஸ்ட் தாண்டி, கழுத்தில் டையோடு.
என் ஒன்றரைப் பவுன் சொசைட்டியில் உட்கார்ந்திருக்கிறது.

டீச்சரின் மகன் எங்கே படித்தான் என்று
நாக்கு வரைக்கும் வந்தது.
கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.
"சோறு போட்ட பள்ளிக்கூடம், போய்ட்டு வரட்டும்"
என்றார் இவர், காய் சீவிக்கொண்டே.

வேன்காரரிடம் காய்ச்சல் என்றேன்.

வகுப்பில் என் பெண்ணைப் போல இன்னும் மூன்று.
பூப்போட்ட சட்டைக்கு மாற்றிக் கூட்டி வந்தவர்கள்
கறுப்பு ஷூவை மறந்திருந்தார்கள்.
எல்லோரிடமும் "ஒரு தலை" என்றுதான் சொல்லியிருக்கிறார்.
பனைமரத்தடியில் நாங்கள் நாலு அம்மாக்கள்
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல்
காற்றோடு முந்தானைக்கு மல்லுக்கட்டினோம்.

சித்தூரிலிருந்து வந்த ஆபீசர் குனிந்தார்:
"பேரெந்தா மோளே?"
எழுந்தாள். கையைக் கட்டினாள்.
"மை நேம் ஈஸ் ஜெனிலா சவேரி, சார்."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஆபீசருக்கோ முகமெல்லாம் பல்.
"மிடுக்கி! கண்டோ டீச்சரே" என்று
சர்க்கார் பள்ளியைக் குறை சொல்கிறவர்களை
ஒரு பிடி பிடித்தார்.
எழுதிக்கொண்டார்.

மத்தியானம் சோறும் பயறும்
இரண்டு தடவை வாங்கித் தின்றாளாம்.
வேன் பள்ளியிலிருந்து டப்பா பாதியோடுதான் திரும்பும்.

மறுநாள் ஹாரன்.
ஒரு காலில் ஷூவோடு நின்று கேட்கிறாள்:
"இன்னிக்கு எந்த ஸ்கூலும்மா?"

மறுபடியும் ஹாரன்.