வரிசை எண் நாற்பத்தொன்று

மாறுதல் கலந்தாய்வில் என் முறை வந்தபோது
திரையில் ஏழு ஊர்கள் மிச்சமிருந்தன.
"ரெண்டு நிமிஷம், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் எழுத்தர்.
நான் யோசித்து முடித்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

கோத்தகிரியில் ஜனவரிக் காலைகளில்
என் விரல்நுனிகள் முதலில் வெளுக்கும், பிறகு நீலம் பாரிக்கும்.
கையுறைக்குள் இருப்பவை வேறு யாருடைய விரல்களோ.
நோயாளிக்கும் குளிர்.
நரம்பு உள்ளே போய்ப் பதுங்கிக்கொள்ளும்.
வெந்நீர்ப் பை வைத்து, தட்டி, நீவி,
மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வரும்.
"புதுசா?" என்பார்கள்.
ஆய்வகத்தில் எனக்குப் பதினாலு வருஷ சர்வீஸ்.

ஒற்றை அறைக்கு ஒன்பதாயிரம்.
சீசனில் இதையே நாள் வாடகைக்கு விடலாம் என்று
மாதாமாதம் நினைவூட்டும் வீட்டுக்காரர்.
ஹீட்டருக்குக் கரண்டு தனி,
இன்பராஜின் இழுப்புக்கு மருந்து தனி.

நோட்டில் கோடு போட்டுப் பார்த்தேன்.
ஓசூர்: குளிர் குறைவு, வாடகை குறையவில்லை.
வால்பாறை: பேச்சே இல்லை.
வாலிநோக்கம்: இரண்டு அறை, இரண்டாயிரத்து ஐந்நூறு.
தை மாதத்திலும் ஸ்வெட்டர் விற்காத ஊர்.
அந்த வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

சொன்னதும் எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.
"தண்ணியில்லாக் காடும்மா.
தண்டனைக்குத்தான் அங்க அனுப்புவாங்க,
நீங்க கேட்டு வாங்குறீங்க?"
பின்வரிசையில் சிரித்தார்கள்.
நாற்பத்திரண்டாம் எண்காரி மட்டும் சிரிக்கவில்லை.
அவளுக்கு ஓசூர் மிஞ்சிவிட்டது.

அப்பாவுக்குப் போன் செய்தேன்.
ஒன்பது வயதில் கப்பலிலிருந்து இறங்கி
மண்டபம் முகாமில் பதினேழு நாள் கிடந்தவர்.
ஊர்ப் பெயரைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"மணல் சுடும். நல்ல செருப்பா வாங்கிட்டுப் போ."

ஜொகரா உம்மாள் வீட்டில் வாடகை சொன்னபடியேதான்.
சொல்லாமல் விட்டது தண்ணீர்.
குடம் பன்னிரண்டு ரூபாய், அதுவும் வண்டி வந்தால்.
குழாயில் வருவதில் துணி துவைத்தால்
கொடியிலிருந்து எடுத்த சேலை
தானாகவே நிற்கும்.
நோட்டை எடுத்துத் திருத்தினேன்.
அப்படியும் மாதம் நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம்.

முதல் நாள் உப்பளத்திலிருந்து வழிவிட்டான் வந்தார்.
வெயில் நரம்பை மேலே கொண்டுவரும் என்று நம்பித்தானே
இவ்வளவு தூரம் வந்தேன்.
கயிறுபோலத் தெரிந்தது.
ஊசி தொட்டதும் நழுவியது.
விடிகாலையிலிருந்து பாத்தியில் நின்ற உடம்பு,
உள்ளே போனது ஒரு டீ.
மூன்றாவது குத்து.
"புதுசா?" என்றார்.
"ஆமாண்ணே" என்றேன்.

அன்றிலிருந்து என் மேசையில் ஒரு குடம்.
வெறும் வயிற்றோடு வந்தாலும்
இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.
மாதச் செலவில் முந்நூறு ஏறியது.
இந்தக் கணக்கை எழுத்தரிடம் சொன்னால்
இன்னொரு முறை சிரிப்பார்.

தை பிறந்து நம்புத்தாய் வந்தாள்,
பாசி பறிக்கும்போது பாறை கிழித்த விரலோடு.
விரலுக்கு விரல் சுற்றியிருந்த ஈரத்துணியை
நானே அவிழ்த்தேன்.
அடியில் வெளுத்துச் சுருங்கிய நுனிகள்.
எனக்கு அந்த நிறம் தெரியும்.
"எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள?"
"ஆறு மணி நேரம் இருக்கும்க்கா.
இந்த மாசம் கடலு ஐஸாட்டம் கெடக்கு."

இந்த ஊரிலும் குளிர் இருக்கிறது,
கரையிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

டாக்டர் தையல் போட வரும்வரை
அவள் கை என் கைகளுக்கு நடுவில் இருந்தது.
"மலைய விட்டுட்டு எதுக்குக்கா இங்க வந்தீக?"
"வாடகை கம்மி."
சிரித்தாள், நம்பவில்லை.
கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.
கொஞ்சம் சூடு ஏறட்டும் என்று
நானும் விடவில்லை.