பதினேழாம் அறையின் சட்டை

எங்கள் தலைநகரில் பெரிய ஓட்டல்கள் இரண்டுதான்.
தேர்தல் முடிந்து பிரதமர் முடிவாகும்வரை
எம்.பி.க்களை இரண்டு கூட்டமாக்கி
அங்கே பாதி இங்கே பாதி அடைத்துவைப்பார்கள்.
நான் கடற்கரை ஓட்டலின் சலவை அறையில்.
நாத்தனார் டோரீன் குன்றின் மேலுள்ளதில்.

ரசீது எந்த அறைக்கும் போவதில்லை.
கறுப்புக் கண்ணாடிக் கார் ஒன்று வந்து
மொத்தமாக வாங்கிப் போகிறது.
குன்றுக்கு வேறு கார், வேறு கொடி.
ஒருவர் எங்களுக்கு விளையாட்டரங்கம் கட்டித் தந்தவர்.
மற்றவர் ரோந்துப் படகு தந்தவர்.
படகுக்கு டீசல் போட இன்னும் யாரும் வரவில்லை.

பையைத் தடவாமல் துணியை இயந்திரத்தில் போடக் கூடாது,
இந்த வேலையில் அதுதான் முதல் பாடம்.
பாக்குத் துண்டு, சுண்ணாம்பு டப்பி,
புத்தம்புது சிம் கார்டு,
யாரோ மகளின் பள்ளிக் கட்டண நோட்டீஸ்.
பதினேழாம் அறைச் சட்டையில் ஒரு விசிட்டிங் கார்டு.
பின்பக்கம் பென்சிலில் ஓர் எண்.
பூஜ்யங்களை எண்ணினேன்,
நம்பாமல் மறுபடி எண்ணினேன்,
ஈரம் படாமல் ஹேங்கரில் செருகி அனுப்பிவிட்டேன்.

பதினேழாம் அறை எங்கள் தொகுதிக்காரர்,
ஹட்லி ஓய்ஃபிரு.
ஓட்டுக் கேட்டு வந்தபோது படகிலிருந்து குதித்து
முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர்.
எங்கள் பாக்கைத்தான் மென்றார்.
நீலச் சட்டை, ஆமைப் படம் போட்டது.
நாலாவது பொத்தான் விழுந்திருந்தது,
நீல நூல் இல்லை, சிவப்பில் தைத்தேன்.

என்னைக் கட்டியபோது
புருஷன் வீட்டார் ஐந்து சரம் சிப்பிக்காசு வைத்தார்கள்.
பாயில் விரித்து,
ஊர் மொத்தமும் சுற்றி நிற்க,
என் மாமன்கள் ஒவ்வொரு சரமாய் முழம் போட்டுப் பார்த்து,
ஒன்று குட்டை என்று சத்தம் போட்டு,
மாற்றி வாங்கினார்கள்.
விலை என்றால் அப்படி.
வெயிலில்.

புதன் இரவு கரண்ட் போனது.
ஓட்டலுக்கு மட்டும்.
விடிந்து பார்த்தால்
பதினேழாம் அறைப் படுக்கையில் சுருக்கமே இல்லை.
மதியம் டோரீன் கூப்பிட்டாள்:
"ஆமை போட்டதா? நாலாவது பொத்தான் சிவப்பு நூலா?"
"ஆமாம்."
"என் கையில் இருக்கிறது. விஸ்கி நாற்றம்."
இருவரும் சிரித்தோம்.
பிறகு ஒன்றும் பேசவில்லை, போனையும் வைக்கவில்லை.
அவள் பக்கம் இயந்திரம் சுற்றுவது கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டே ஓட்டு வித்தியாசம்.
ஒரு தலைநகரிலிருந்து பன்னிரண்டாவது நிமிஷத்தில் வாழ்த்து வந்தது.
இன்னொன்று கவலை தெரிவித்தது.
ரேடியோ இரண்டையும் வாசித்துவிட்டு
சூரை மீன் விலை சொன்னது.

வெள்ளிக்கிழமை கடைத்தெரு எரிந்தது.
நான் நூல் வாங்கும் குவான் கடையும்.
இங்கேயே பிறந்தவர், எங்கள் பேச்சை
என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்,
கடனுக்கு ஊசி தருகிறவர்,
எந்த ஓட்டலிலும் ஓர் இரவும் தங்கியறியாதவர்.
முகத்தைப் பார்த்து எரித்தார்கள்.
எரித்தவர்களில் என் ஊர்ப் பையன்களும் உண்டு.
அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

எங்கள் கடலடியில் ஏற்கெனவே யாருடைய சண்டையோ கிடக்கிறது.
துருப்பிடித்த கப்பல்கள்.
சில காலைகளில் எண்ணெய் மேலே வந்து
ஏழு நிறத்தில் மினுங்கும்,
பிள்ளைகள் அழகென்று விரல் வைப்பார்கள்.

ஞாயிறு ஆராதனை நேரத்தில் விமானம் இறங்கியது.
மூன்றாவது ஒரு நாடு, உதவிக்கு.
எம்.பி.க்கள் காலிசெய்த அறைகளில் அவர்கள்.
நல்ல பையன்கள், குட்மார்னிங் சொல்கிறார்கள்.
நாற்பது பச்சைச் சட்டைகள் வந்தன.
பழக்கத்தில் பைகளைத் தடவினேன்.
ஒன்றுமில்லை, ஒரு மணல்கூட இல்லை.
பொத்தான்கள் எல்லாம் கெட்டி.

வரவேற்பு மேசையில் பதிவேடு திறந்து கிடந்தது.
வந்த தேதி எழுதியிருந்தது.
போகும் தேதிக்கான கட்டம் நாற்பதும் காலி.

சோப்புத்தூள் இரண்டு மூட்டை
கூடுதலாகக் கேட்டிருக்கிறேன்.