நான்கு விரற்கடை

மாருதி எண்ணூறு வாங்கும்போது யாரும்
என் முழங்காலைக் கேட்கவில்லை.
ஆறடி நாலங்குலம் நான்.
ஸ்டியரிங்குக்கு இருபுறமும் இரண்டு முட்டி.
கூரைத்துணியில் தலை பட்ட இடம்
எண்ணெய் ஏறிக் கறுத்த வட்டம்.
மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் ஐஸ் கம்பெனிக்கு
பன்னிரண்டு வருஷம்
கழுத்தைச் சாய்த்தே ஓட்டினேன்.
எதிரே வந்தவர்கள்
நான் எதற்கோ சம்மதிப்பதாக நினைத்து
பதிலுக்குத் தலையாட்டிப் போனார்கள்.

கோயம்புத்தூரில்
ரேஸ் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பக்கெட் சீட்.
சிவப்பு. முதுகில் பாதி உரிந்த பதினேழு.
ஆம்னி பஸ் வயிற்றில்
வெங்காய மூட்டைமேல் படுத்து வந்தது.
ஒன்றுதான் வாங்க முடிந்தது.
பிளேவியா விலை கேட்டாள்.
பாதியைச் சொன்னேன்.
'அதுக்கா இவ்வளவு' என்றாள்.

உச்சிப்புளிப் பட்டறையில்
சீனி இபுறாகீம் சாக்கை விரித்து, அதன்மேல் சீட்டை வைத்து
முதலில் இங்கே உட்காருங்கள் என்றார்,
வண்டிக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து.
விலா இரண்டையும் பிடித்துக்கொண்டது.
போகிற பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்,
வண்டியில்லாமல் ஓட்டுகிறவனை.

பழைய சீட்டின் நாலு போல்ட்டில்
மூன்று வந்தது.
நாலாவது உப்புக்காற்றில் ஊறி
தகட்டோடு தகடாகிவிட்டது.
டீசல் விட்டார். தட்டினார்.
அதன் பரம்பரையைப் பற்றி ஏதோ சொன்னார்.
கடைசியில் கிரைண்டர்.

மேட்டைத் தூக்கினால்
இரண்டு கை மணல், ஓர் இறால் மீசை,
அஞ்சு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை.
அதன் வழியே பட்டறைத் தரையும்
எங்கோ அவசரமாகப் போகும் ஒற்றை எறும்பும்.
'இத்தன நாளு இதுமேலயா
உக்காந்திருந்தீங்க, கிரகோரிண்ணே?'

துரு சுரண்டி, ஓட்டைக்குத் தகடு வைத்து,
ரெயிலோடு சீட்டை இறக்கி உட்கார்ந்தால்
முன்னைவிட ஒரு விரல் அதிகமாக இடிக்கிறது.
காசு கொடுத்து இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தேன்.
'சீட்டு மேல தப்பில்ல,
அடியில நிக்கிற பட்டைதான் உசரம்.'
குறுக்குப்பட்டையை அறுத்தார்.
தாழ்வாக ஆங்கிள் வைத்து வெல்டு பிடித்தார்.
பின்பக்கம் அரை அங்குலம் இன்னும் இறக்கம்,
அப்போதுதான் தொடை தாங்குமாம்.
நடுவில் அஸர் தொழப் போனார்.
சுட்ட இரும்பு டிக் டிக்கென்று ஆறுவதைக் கேட்டபடி இருந்தேன்.
திரும்பி வந்து கதவைச் சாத்தினால் உரசியது.
ஒரு நூல் இடப்பக்கம் தள்ளினோம்.
ஹேண்ட்பிரேக்குக்கும் சீட்டுக்கும் நடுவில்
இனி சுண்டுவிரல்தான் போகும்.

மூன்றாம் தடவை உட்கார்ந்தபோது
தலைக்கும் கூரைக்கும் இடையே
நான்கு விரற்கடை காற்று.
கையை விட்டுப் பார்த்தேன்.
வெளியே எடுத்து
மறுபடி விட்டுப் பார்த்தேன்.
கூலியை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை
தங்கச்சிமடம் பூசைக்குப் பாம்பன் பாலம் ஏறினோம்.
கழுத்து நேராக இருந்தது.
கண்ணாடி நிறைய ரோடு,
ரோடு முடிந்த இடத்தில் வானம்.
கடலைக் காணோம்.
நான் இறங்கிய அளவுக்குக்
கைப்பிடிச் சுவர் ஏறியிருந்தது.
கோணலாகப் பார்த்தாலும்
இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் பழைய சீட்டில் பிளேவியா.
ஐந்தடி.
கல்யாணப் படத்துக்கு ஸ்டுடியோக்காரர்
பலகை போட்டு நிறுத்தியும் எட்டாத தோள்
இப்போது அவள் தோளுக்குச் சரியாக.
'வடக்க தண்ணி தட்டாட்டம் கிடக்கு' என்றாள்.
முன்னால் சாய்ந்து என்னைத் தாண்டிப் பார்த்தாள்.
'தெக்க அலை. ரெண்டு வத்தை.
ஒண்ணு நீலம். இன்னொண்ணு தெரியல,
வெயில் அடிக்குது.'

எதிரே லாரி.
பழக்கத்தில் தலையைச் சாய்த்தேன்.
டிரைவரும் ஆட்டிவிட்டுப் போனான்.

'அப்புறம்?' என்றேன்.

அவள் கடலை விட்டுவிட்டு
முதன்முதலாக நிமிராமல், அண்ணாராமல்,
நேராக என் கண்ணைப் பார்த்து
'சீட்டு உண்மையில எவ்வளவு?'
என்றாள்.