நீல மீன் தட்டு

ஈசூனில் ஏழாம் மாடி.
எங்கள் கதவுக்கும் கோ ஆண்ட்டி கதவுக்கும் நடுவே
ஒன்பது தரையோடுகள்.
நான்கு வருடமாய் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

தம்பியைக் கூட்டிப்போன இரவு
அம்மா எதிர்க்கதவைப் பார்த்து
மண்ணை வாரித் தூற்றினாள்.
ஏழாம் மாடியில் மண் ஏது?
துளசித் தொட்டியிலிருந்து ஒரு பிடி.
"அவதான் காட்டிக் கொடுத்தா.
எந்நேரமும் ஜன்னல்லயே நிப்பா."

கோ ஆண்ட்டிக்குத் தமிழ் தெரியாது.
விடிந்ததும் துடைப்பத்தோடு வந்து
எங்கள் பக்கத்தையும் சேர்த்துப் பெருக்கினார்.

நான் வாயைத் திறக்கவில்லை.
ஒரே எண்ணை மூன்று முறை அழுத்திய விரல்
என் கையில்தான் இருந்தது.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
முகவரியைக் கிசுகிசுத்தேன்.
"அவர் உங்களுக்கு என்ன உறவு?"
கேட்காததுபோல் இருந்தேன்.
மறுபடி கேட்டார்கள்.

அம்மாவின் சங்கிலி போனதற்காக அல்ல.
சோபாவில் உதடு நீலம்பாரித்துக் கிடந்தவனை
இரண்டு தடவை அறைந்து எழுப்பியிருக்கிறேன்.
மூன்றாம் தடவை எனக்கு இரவு வேலையாக இருந்தால்?
இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.
சில இரவுகளில் நம்புவேன்.
சில இரவுகளில் சங்கிலிதான் கண்முன் ஆடும்.

சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வைத்துத் தந்த
நீல மீன் தட்டு
எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது.
மின்தூக்கியில் ஆண்ட்டி இருந்தால்
அம்மா அடுத்ததற்குக் காத்திருப்பாள்.
நானும் காத்திருப்பேன், அம்மாவோடு.

போன வாரம் புகழேந்தி வந்தான்,
கணுக்காலில் மின்னணுப் பட்டையோடு.
சோறு போட்டேன்.
தொண்டையில் வைத்திருந்ததையும் போட்டேன்.
"நான்தான்."

"தெரியும்," என்றான், ரசத்தைப் பிசைந்தபடி.
"குளிக்கப் போனா பாடுவே. அன்னைக்குப் பாடலை."

மோர் கேட்டான். குடித்தான்.
"அதுகூடப் பரவால்லக்கா.
இத்தனை வருசம் அந்த ஆண்ட்டி தலையில..."
முடிக்கவில்லை.
எழுந்துபோய் அலமாரியைத் திறந்து
தட்டைக் கழுவ ஆரம்பித்தான்.
"வெறுந்தட்டாக் கொடுக்காதே."

கூடத்தில் அம்மா
தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினாள்.

இன்று,
உளுந்து வடை ஆறு. சூடு விரலில் ஏறுகிறது.
ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தயார்செய்திருந்தேன்.
ஐந்தாவது ஓட்டில் அது உதிர்ந்துவிட்டது.
தமிழிலும் ஒன்றும் வரவில்லை.

திரும்பிப் பார்க்கிறேன்.
பட்டை விட்ட எல்லைவரை வந்து
இரும்புக் கதவைச் சாத்தாமல்
பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

உள்ளே
செருப்புச் சத்தம் ஒன்று
மெதுவாக நெருங்குகிறது.