கேண்டினில் ஒரு கடல்

எங்கள் பள்ளிக்கு மண்டபம் கிடையாது.
கேண்டின்தான் மண்டபம்.
மதியம் நான் மேசை துடைத்து முடித்ததும்
பிலோமினா டீச்சர் வந்து
பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளச் சொல்வார்.
அதோடு தரை கடலாகிவிடும்.

கதை இதுதான்.
பட்டர்வொர்த் கரையில் கொஞ்சம் எறும்புகள்.
அக்கரைத் தீவில் ஒரு சீனி மூட்டை
கிழிந்து கிடப்பதாகக் கேள்வி.
ஃபெரி டிக்கெட்டுக்குக் காசில்லை.
கப்பல் கட்டுகின்றன,
பாடிக்கொண்டே.

எறும்பென்றால் எனக்கு ஆகாது.
சீனி டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்திப்
பதினோரு வருஷமாகச் சண்டை போடுகிறவள்.
ஆனாலும் கொம்புக்குச் சாத்தே குச்சி கேட்டார்கள்,
கொடுத்தேன்.
உடம்புக்குக் கறுப்புக் குப்பைப் பை கேட்டார்கள்.
பெரிய சைஸ், முப்பத்தெட்டு.

பள்ளிக்குப் பின்னால் தண்டவாளம்.
ரயில் போனால் ஒரு சொல்லும் கேட்காது.
அதனால் ஒரு விதி:
ரயில் வந்தால் யார் எங்கிருந்தாலும் அப்படியே உறைய வேண்டும்.
நானும் துடைப்பத்தோடு உறைந்தேன்,
யாரும் சொல்லாமலே.

பாலர் வகுப்புப் பொடிசுகள் வரிசை எறும்பு.
பாட்டு இல்லை,
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனால் போதும்.
முதல் வாரம் பாதிப் பேர் கழிவறைக்குப் போய்விட்டார்கள்.
மூன்றாம் வாரம்
முன்னால் போகிறவள் நின்றால்
பின்னால் வருகிறவன் நிற்கிறான்.
என் கவுண்டரில்
தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது இது.

ஆறாம் ஆண்டு யுகனேஸ்வரன்தான் ராஜா எறும்பு.
பித்தளை டம்ளரைச் சுண்டினாற்போல் குரல்.
விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில்
உச்சத்துக்குப் போன இடத்தில் உடைந்தது.
மேலே ஒன்று, கீழே ஒன்று,
நடுவில் தவளை.
சிரித்தார்கள்.
நானும்தான்.
மூன்று நாள் அவன்
நாசி லெமாக் வாங்கக்கூட வரவில்லை.

டீச்சர் வீடு தேடிப் போனார் என்றார்கள்.
போகவில்லை என்றும் சொன்னார்கள்.
எனக்குத் தெரிந்தது, வியாழக்கிழமை வந்தான்.
ராஜாவின் துண்டைக் கழற்றி
நான்காம் ஆண்டு லோஷினி தோளில் போட்டான்.
அப்ப நீ, என்றேன்.
"கப்பலுக்குச் சங்கு இல்லையே அக்கா.
நான்தான் சங்கு."
அடிவயிற்றிலிருந்து ஊதிக் காட்டினான்.
அடுக்கி வைத்த தட்டுகள் கிணுகிணுத்தன.

விழா அன்று
வேலை முடிந்த சட்டையோடு அப்பாக்கள்,
கைக்குழந்தையோடு அம்மாக்கள்,
இரண்டு காற்றாடியில் ஒன்று ஓடவில்லை.
மெக்கானிக் கடை நீலக் கேன்வாஸை
மூன்றாம் ஆண்டுக்காரர்கள் முனைகளில் பிடித்து உதற,
ஓர் அலைக்குள் விழுந்து காணாமல் போன பொடி எறும்பு
சிரித்துக்கொண்டே கரையேறியது.

நடுக்கடலில் லோஷினி நின்றாள்.
அடுத்த வரி வரவில்லை.
கீபோர்டு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.
டீச்சர் உதட்டை அசைத்தார். தூரம்.
எனக்குத் தெரியும் அந்த வரி.
இரண்டு மாதம் கேட்டுக்கொண்டே தரை கழுவியிருக்கிறேன்.
கல்யாண வீட்டில்கூட மைக் தொடாதவள்,
கவுண்டருக்குப் பின்னாலிருந்து, ஏப்ரனோடு,
பாடிவிட்டேன்:

அலை உயரமா, ஆகட்டும்,
நாம் ஒருவர் தோளில் ஒருவர்.

எல்லாத் தலையும் என் பக்கம்.
எங்கே ஒளிவது?
அந்த நொடி யுகனேஸ்வரன் சங்கு ஊதினான்,
அவன் முறை வராமலே,
நீளமாக, மூச்சு தீரும் வரை.
தலைகள் கப்பலுக்குத் திரும்பின.
லோஷினி அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஓய்வு நேரம்.
வரிசையில் தன் முறை வரும்வரை நின்ற ஒரு பொடிசு
காசைக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கேட்டான்:
அக்கா, நீங்க என்ன எறும்பு?
கேண்டின் எறும்பு, என்றேன்.
சரி என்று தலையாட்டினான்.
ஒரு கறிப்பாப், என்றான்.

மாலையில் பார்த்தால்
சீனித் தட்டு வற்றிக் கிடந்தது.
விளிம்பில் ஒன்று மட்டும்
கொம்பை ஆட்டிக்கொண்டு அக்கரையைப் பார்த்து நின்றது.
தண்ணீர் ஊற்றினேன்தான்.
கொஞ்சம் தாமதமாக.