காலையில் காலியாக இருக்க வேண்டியது

செத்த மீன்களை அள்ளுவது என் தொழில்.
கின்சாவோ தீவுக்குக் கிழக்கே
சால்மன் கூண்டுகளுக்கு அடியில் முப்பது மீட்டர் இறங்கி
வலையின் தொப்புளில் குவிந்ததைச்
சாக்கில் கட்டி மேலே அனுப்புவேன்.
படகில் ரொசாமெல் தராசில் போட்டு
கிலோவில் எழுதிக்கொள்வான்.
எந்த மீனும் என்னிடம் முகம் காட்டியதில்லை.

வீட்டில் ஆறு கோழிகள்.
நீல முட்டை இடுபவை, மழைக்கு ஒதுங்காதவை.
செவ்வாய்க்கிழமை தீனிக்கு ஆறும் ஓடி வந்தன.
அதில்தான் ஏமாந்தேன்.
சாம்பல் கழுத்துக்காரியும் வந்தாள், குனிந்தாள்,
கொத்துவதுபோல் கொத்தினாள்.
ஒரு மணியும் எடுக்கவில்லை.
நோயை மறைக்கக் கோழியிடம் கற்க வேண்டும்.
சோர்ந்தவளை முதலில் கொத்துவது
பருந்து அல்ல, பக்கத்தில் நிற்பவள்.

"கொண்டையைப் பார்" என்றாள் ஓட்டிலியா, ஜன்னலிலிருந்து.
சிவப்புதான். நுனியில் மட்டும்
பழைய ஒயின் கறை.
எச்சம் பச்சைத் தண்ணீர், அதுவும் கொஞ்சம்.
மூச்சில் கரகரப்பு இல்லை.
கண்ணோரம் நுரை இல்லை.
இறகை விலக்கி ஊதினேன், செள் இல்லை.
பாதத்தைத் திருப்பினேன், கருப்புப் பொருக்கு இல்லை.
இத்தனை இல்லைகளுக்குப் பிறகு
நிம்மதி வந்திருக்க வேண்டும்.

இரவு அடைந்தபின் கழுத்தடியில் கைவைத்தேன்.
தீனிப்பை பந்துபோல் இருந்தது.
இரவில் அது நியாயம்.
விடியுமுன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மறுபடி தொட்டேன்.
அதே பந்து.
வேகாத உருளைக்கிழங்கின் கெட்டி.

ஆப்பிள் பெட்டியில் வைக்கோல், விறகு அடுப்புக்கு அருகே.
தீனி நிறுத்தம். தண்ணீர் மட்டும்.
கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் நீவல்.
"தலைகீழாய்ப் பிடித்து உலுக்கு, கக்கிவிடும்"
என்று வேலிக்கு மேலே நிபால்தோ.
"கக்கியது மூச்சில் ஏறினால்?" என்றாள் ஓட்டிலியா.
அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

வியாழன் காலை, புளித்த வாடை இருக்கிறதா என்று
அலகைத் திறந்து முகர்ந்தபோது
நாக்கடியில் ஒரு நூல்.
நீலம். எனக்குத் தெரிந்த நீலம்.
கூண்டு வலையின் நைலான்,
என் பூட்ஸ் இடுக்கில் கடலேறி வந்து
புல்லுக்குள் புழுவாய்க் கிடந்திருக்கிறது.

விரல் இழுக்கப் போனது.
நிறுத்தினேன்.
சிக்கிய கயிற்றை இழுப்பவன்
மேலே வருவதில்லை.

ஆடு பார்க்க அச்சாவோவிலிருந்து வரும் எதெல்மீரா
எங்கள் சமையல் மேசையில் துண்டு விரித்தாள்.
மரத்துப்போக ஊசி. இரண்டு விரல் அகலம் கீறல்.
முடிச்சிட்ட புல் வந்தது, வந்துகொண்டே இருந்தது.
பிறகு முழங்கை நீளத்துக்கு என் நூல்.
பிறகு ஒரு சட்டைப் பொத்தான், அதுவும் என்னுடையதுதான்.
பைக்கு ஒரு தையல், தோலுக்குத் தனியாக ஒன்று.
"ஊறவைத்த ரொட்டி, அவித்த முட்டை, சிறுகச் சிறுக.
மருந்து ஏற்றியிருக்கிறேன், இவள் முட்டையை
நான் சொல்லும்வரை தின்னாதீர்கள்."
முட்டையையா கொடுப்பது, கோழிக்கு?
தங்கச்சி இட்டதுதானே, என்றாள், கை கழுவிக்கொண்டே.

எத்தனையோ விடியல்களில்
காலியான எதற்காகவும் நான் மகிழ்ந்ததில்லை:
சம்பள உறை, சிலிண்டர், படகு.
ஞாயிறு, இருட்டோடு எழுந்து கைவைத்தேன்.
தொய்ந்த தோல். உள்ளே ஒன்றுமே இல்லை.
ஓட்டிலியாவை எழுப்பி அதைச் சொன்னேன்.
"ஒன்றுமில்லாததற்கா எழுப்பினாய்" என்று
திரும்பிப் படுத்தவள்
போர்வைக்குள் சிரித்தாள்.

உடனே கூட்டத்தில் விட்டது என் தவறு.
பிரிந்து வந்தவளை மற்றவை அறியவில்லை.
தையலைக் குறிவைத்தே கொத்தின.
இப்போது நடுவில் கம்பிவலை.
முதலில் கண் பழகட்டும், அலகு அப்புறம்.

பூட்ஸை வாசலுக்கு வெளியே கழற்றுகிறேன்,
சீப்பால் வாரி,
நூல் நூலாய்ப் பொறுக்கி, டப்பாவில் போட்டு.

இன்று மேலே அனுப்பியது நானூற்றுப் பத்துக் கிலோ.
இரவு மழையில் டார்ச்சோடு போனேன்.
கழியில் ஐந்து.
வலைக்கு அப்பால் ஒன்று, கழுத்தைச் சுருட்டிக்கொண்டு,
தையலோரம் இன்னும் சிவந்து.
அவள்மேல் வெளிச்சத்தை நிறுத்தி,
எண்ணிக்கையை முடித்து,
மெல்ல வாய்விட்டுச் சொன்னேன்:
ஆறு.