ஏழும் பத்தொன்பதும்

யூனியன் பிளேஸில் எனக்கு வேலை,
உடம்பை விழுக்காடாக்குவது.
பெருவிரல் போனால் இவ்வளவு,
ஒரு கண்ணென்றால் இவ்வளவு,
முழங்காலுக்குக் கீழே, மேலே என்று
அட்டவணையில் தனித்தனி வரி.
பதினோரு வருசத்தில் ஒரு மனிசரும்
பெட்டிக்குள் சரியாக அடங்கியதில்லை.
அடைத்துத்தான் கையொப்பம் வைக்கிறேன்.

மெல்பனிலிருந்து மாமாவின் மகன் வந்தான்
வெள்ளவத்தைக்கு, எங்கள் நாலாம் மாடிக்கு,
லிஃப்ட் பழுதான கிழமை பார்த்து.
ஒவ்வொரு தட்டிலும் நின்று
இடது முழங்காலோடு ஏதோ கதைத்துக் கதைத்து ஏறினான்.

ஆரூரன்.
பெயர் வாயில் சுழலாமல்
அங்கத்தை வர்ணனையாளர்கள் 'ரூ' என்று வெட்டிவிட்டார்களாம்.
கங்காருவின் வாலைப் பிடித்துக்கொண்டு
நாற்பத்தொரு ஆட்டம் ஓடியிருக்கிறான்.

"தம்பி என்ன செய்யிறார்?"
கனகாம்பிகை அன்ரி படியில் மறித்தா.
"ரிட்டயர் ஆகிட்டன் அன்ரி."
"எத்தினை வயசு?"
"இருபத்தொன்பது."
"பென்சன் வருமோ?"
சிரித்தான். முன்வரிசையில் இரண்டு பல் பீங்கான்.

சூட்கேசில், அம்மாவுக்கான கம்பளிச் சட்டைக்குள் சுற்றி
ஒரு சிவப்புத் தோல் பந்து.
"இது நசுங்கிப் போச்சு" என்றான் என் மகன்.
இல்லையாம், பிறப்பே அப்படியாம்.
உருண்டைப் பந்து விழுமுன் யோசிக்கும்,
இது விழுந்தபிறகுதான் யோசிக்கும்.

ஞாயிறு பின்னேரம் தண்டவாளம் தாண்டிக் கரைக்குப் போனோம்.
நாலு செருப்பை மணலில் குத்தி நிறுத்தினான்.
நடு இரண்டுக்குள்ளால் போனால் ஆறு.
பக்கத்தால் போனால் ஒன்று.
"பிழைச்சாலுமா?"
"பிழைச்சாலும், மச்சாள்."

அவன் கணக்கு: ஏழு நடுவில், பத்தொன்பது பக்கத்தில்.
ஏழாறு நாற்பத்திரண்டு, பத்தொன்பதும் சேர அறுபத்தொன்று.
அறுபத்தொன்றில் பத்தொன்பது
பிழைத்ததற்குக் கிடைத்தவை.
நான் வேலை செய்யும் இடத்தில்
அப்படி ஒரு நிரல் இல்லை.

கழகத்திலிருந்து வந்த அழைப்பு
இரண்டு நிமிசம் நாற்பது செக்கன்.
ஃபோனில் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறான்.
சப்பாத்தைத் தபாலில் அனுப்பினார்கள்,
ஒன்றுக்கு லேஸ் இல்லை.

"இந்தக் கோச்சி எங்க போகுது?"
"அளுத்கம."
வாசலில் தொங்கிய பெடியன்கள்
வானத்தில் புரண்ட பந்துக்கு விசிலடித்தார்கள்.
கொஞ்ச நேரத்தில் மறுபடி,
"மச்சாள், இந்தக் கோச்சி எங்க போகுது?"
"அளுத்கம."
மூன்றாம் தரம் கேட்டபோது
நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வைத்தியரின் கடிதம் முதல்நாளே வாசித்திருந்தேன்,
தொழில் பழக்கம்.
தலையில் நாலு பெரிய அடி, எண்ணாத சின்னன்கள்.
எங்கள் அட்டவணையில் தலைக்கு ஒரே வரி:
புத்தி முழுதாய்ப் பேதலித்தால் நூறு.
நூறுக்கும் பூச்சியத்துக்கும் நடுவில்
வெறும் தாள்.

கடைசி உதை
செருப்புகளுக்கும் கற்பாருக்கும் மேலால்
கடலுக்குள் விழுந்தது.
"சித்தப்பா, இதுக்கு எத்தினை?"
நெடுநேரம் நின்றான்.
சொல்லைத் தொலைத்துவிட்டானென்று நினைத்தேன்.

"இது வெளியில போன பந்து.
எல்லை நடுவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு
தலைக்கு மேலால திருப்பி உள்ளுக்க எறிவார்.
ஆருக்கு எண்டு பாக்கமாட்டார்."

மூன்று பேரும் கணுக்காலளவு நுரையில் நின்று
கடலின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பின்னால் தண்டவாளம் அதிரத் தொடங்கியது.
அவன் வாய் திறக்குமுன்
"அளுத்கம" என்றான் என் மகன்.